கயிறு இழுக்கும் காய்கறிகள்: பிள்ளைகளோடு இரண்டரை நிமிடக் கார்ட்டூன் எடுக்க முழுமையான வழிகாட்டி

வேலூரில் மே மாதம் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியே அனுப்ப முடியாது. அந்த நாட்களில் வீட்டுக் கூடத்திலேயே ஆறு பிள்ளைகளையும் ஒரு செல்போனையும் காகிதப் பொம்மைகளையும் வைத்து ஒரு கார்ட்டூன் எபிசோடு எடுத்து முடிக்கலாம். கதை ஒரு கயிறு இழுக்கும் போட்டி. நான்கு கோடை விடுமுறைகளாக இதைச் செய்துவருகிறேன். புதிதாகத் தொடங்கும் ஆசிரியர்களும் பெற்றோரும் எங்கே மாட்டிக்கொள்கிறார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன்.

பெரும்பாலும் மாட்டுவது வரிசையில்தான். எல்லோரும் முதல் நாளே பொம்மை வரைய உட்கார்ந்துவிடுகிறார்கள். நான்காம் நாள் படம் எடுக்கும்போது, வரைந்த பொம்மைக்குக் குனியவே வராது என்று தெரியும். விளையாட்டு, கதை, குரல், பொம்மை, படம், ஒலி: இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

செல்போன் ஒன்று. அதில் ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப். பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு முறையும் ஒரு படம் எடுத்து, எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டிக் காட்டுவதுதான் ஸ்டாப் மோஷன். இலவசப் பதிப்பே போதும். முந்தைய படத்தை மங்கலாகக் காட்டும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பொம்மையை எவ்வளவு நகர்த்தினோம் என்பதே தெரியாது.

உட்காரும் பலகையின் நடுவில் ஓட்டை உள்ள பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று. பழைய கல்யாணப் பத்திரிகைகள் இருபது. ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள் இரண்டு ஷீட். பூ கட்டும் நூல், ஊசி, செல்லோடேப், கத்தரிக்கோல், சின்ன சாமணம். நிஜமாக இழுத்துப் பார்க்க ஒரு தடித்த பருத்திக் கயிறு.

பிள்ளைகள் ஆறு பேர். நான்கு பேருக்கு ஆளுக்கொரு பொம்மை, ஒருவர் பட்டன் அமுக்க, ஒருவர் எந்தப் படத்தில் யார் அசைய வேண்டும் என்று எழுதிய கணக்குத் தாளைப் படிக்க. எட்டுப் பேரானால் இரண்டு பேர் சும்மா இருப்பார்கள். சும்மா இருக்கும் பிள்ளை ஸ்டூலில் இடிக்கும்.

1. முதல் நாள் முழுக்க விளையாடுங்கள்

காலை ஆறரைக்கே மண் தரைக்குப் போய்விடுங்கள். சிமென்ட் தரை வேண்டாம், விழுந்தால் முட்டி பெயரும். நைலான் கொடிக்கயிறும் வேண்டாம், கையில் வழுக்கினால் தோலை உரித்துவிடும். கயிற்றைக் கையிலோ இடுப்பிலோ சுற்றக் கூடாது என்று இழுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் சுற்றில் எதுவும் சொல்லித் தராமல் இழுக்க விடுங்கள். ஆளாளுக்கு ஒரு நேரத்தில் இழுப்பார்கள், கயிறு நடுநடுவே தொய்யும். இரண்டாம் சுற்றில் ஒரு பிள்ளை “ஐல…” என்று இழுத்துச் சொல்ல, “சா!” வரும்போது மட்டும் எல்லோரும் சாய வேண்டும். கயிறு கம்பிபோல விறைக்கும். அந்த வித்தியாசத்தைப் பிள்ளைகள் உள்ளங்கையில் உணர வேண்டும். எபிசோடில் முக்கியமாகக் காட்டப்போவது அதைத்தான். அடுத்த சுற்றில் யார் எங்கே நிற்பது என்பதையும் மாற்றி இழுத்துப் பார்க்கட்டும்.

இழுக்கும்போது பக்கவாட்டில் நின்று பத்து நொடி வீடியோ எடுத்து வையுங்கள். கால் எங்கே ஊன்றுகிறது, இடுப்பு எங்கே மடங்குகிறது, தலை எந்தப் பக்கம் போகிறது என்று பொம்மை வெட்டும்போது இதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

போட்டி விதிகளையும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். முறையான போட்டியில் அணிக்கு 8 பேர். கயிற்றின் நடுக்குறி 4 மீட்டர் நகர்ந்தால் அந்த இழுப்பு முடிந்தது. மூன்றில் இரண்டு இழுப்பு வெல்பவருக்கு ஆட்டம். கடைசியில் நிற்பவருக்கு மட்டும் தனிப் பிடி உண்டு: கயிற்றை ஒரு அக்குள் வழியே விட்டு, முதுகின் குறுக்கே கொண்டுபோய், எதிர்த் தோள்மேல் முன்பக்கம் கொண்டுவருவார். முடிச்சுப் போடக் கூடாது.

2. கதை: தனியாள் ஜெயிக்க முடியாத இடத்தைத் தேடுங்கள்

பிள்ளைகள் முதலில் சொல்லும் கதை எப்போதும் ஒன்றுதான். அணி தோற்கும், பலசாலி ஒருவன் வருவான், ஜெயித்துவிடும். அல்லது நடுவில் ஒரு தாத்தா வந்து ஒற்றுமையைப் பற்றி ஒரு நிமிடம் பேசுவார், உடனே எல்லோரும் திருந்துவார்கள். இரண்டையும் பொறுமையாகக் கேளுங்கள், பிறகு ஒரு கேள்வி கேளுங்கள்: “காலையில நாம எதனால ஜெயிச்சோம்?” பதில் இரண்டு வரும். ஒன்று, ஒரே நேரத்தில் இழுத்தோம். இன்னொன்று, யார் எங்கே நிற்பது என்று மாற்றினோம். கதை இந்த இரண்டுக்குள் இருந்தே வரட்டும்.

எங்கள் பிள்ளைகள் காய்கறிகளை எடுத்துக்கொண்டார்கள். நம் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய், 2023இல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான் நாயகன். அதன் காம்பிலும் தொப்பியிலும் முள் இருக்கும். வரிசையில் அதற்குப் பின்னால் நிற்பவருக்கு ஒவ்வோர் இழுப்பிலும் குத்தும். சுரைக்காய் தான்தான் பெரியவன் என்று கடைசி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வெண்டைக்காய் நடுவில் நிற்கும், சின்ன வெங்காயம் முன்னால். எதிரணியில் நான்கு பூசணிக்காய்கள்.

முதல் இழுப்பில் தோற்கிறார்கள். இரண்டாவதுக்கு முன் இடம் மாறுகிறார்கள்: பின்னால் யாருமே இல்லாத கடைசி இடம் கத்திரிக்காய்க்கு. சுரைக்காய் கயிற்று நுனியை எடுத்து அதன் கையில் கொடுக்கிறது. இந்த இடத்தில் வசனம் எழுதாதீர்கள். மன்னிப்புக் கேட்கும் வசனம் எழுத எல்லாப் பிள்ளைகளும் துடிப்பார்கள், ஆனால் கயிறு கை மாறுவதைப் பார்த்தாலே மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

இடத்தையும் இங்கேயே முடிவு செய்யுங்கள். ஒரு வருடம் கோட்டை அகழியின் இரண்டு கரையிலும் நின்று இழுக்கலாம், தோற்றவர் தண்ணீரில் விழட்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பார்க்கும் சின்னப் பிள்ளைகள் செய்து பார்ப்பார்கள், அகழி விளையாட்டில்லை. வறண்ட பாலாற்று மணலுக்கு மாற்றினோம். பின்னணி வரைவதும் சுலபமானது: கீழே மணல், மேலே வானம், தூரத்தில் மொட்டைப் பாறை மலை ஒன்று.

3. நேரத்தைப் பங்கு போடுங்கள்

மொத்தம் 150 நொடி. அறிமுகம் 30, முதல் இழுப்பு 30, சண்டையும் இட மாற்றமும் 40, இரண்டாம் இழுப்பு 25, மூன்றாவது 25. நொடிக்கு 12 படம் என்றால் 1,800 படம். பேச்சுக் காட்சிகளில் ஒரே படத்தைப் பல முறை நகல் போட்டு வாயை மட்டும் மாற்றலாம், அதனால் எங்களுக்கு நிஜமாக எடுக்க வேண்டியது பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் வந்தது.

ஐந்து நிமிடத்துக்கு ஆசைப்படாதீர்கள். பாதியில் நின்ற எபிசோடுகள்தான் எனக்குத் தெரிந்து அதிகம்.

ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு சின்னக் கட்டம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். குச்சி மனிதர்கள் போதும். இரண்டு அணிகளையும் ஒரே கட்டத்தில் வரையாதீர்கள். எட்டுப் பொம்மையை ஒரே நேரத்தில் நகர்த்த ஆறு பிள்ளைகளால் முடியாது. நம் அணி ஒரு கட்டம், பூசணிகள் ஒரு கட்டம் என்று மாற்றி மாற்றிக் காட்டினால், எதிரே ஆள் இருப்பது பார்ப்பவருக்குத் தானே புரியும்.

4. படத்துக்கு முன் குரல்

குரலை முதலில் பதிவு செய்வதற்குக் காரணம் உண்டு. வாய் எத்தனை படம் திறந்திருக்க வேண்டும், எத்தனையாவது படத்தில் இழுக்க வேண்டும் என்பதைக் குரல்தான் சொல்லும். படம் எடுத்த பிறகு குரல் கொடுத்தால் உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம் போகும்.

துணி நிறைந்த அறையில் பதியுங்கள். பீரோ கதவைத் திறந்து வைத்தாலே எதிரொலி குறையும். ஃபேனை நிறுத்த வேண்டும், வேறு வழியில்லை. இரண்டு வரி பதிவு, ஒரு டம்ளர் மோர், மறுபடி இரண்டு வரி.

எழுத்துத் தமிழில் வசனம் எழுதினால் பிள்ளைகள் பாடம் ஒப்பிப்பதுபோலப் பேசுவார்கள். “நீ ஏன் தனியாக இழுக்கிறாய்?” என்று எழுதியிருந்ததை ஒரு ஆறாம் வகுப்புப் பையன் தானாகவே “இன்னாடா, நீ மட்டும் இஸ்துக்கினு கீற?” என்றான். அறையே சிரித்தது. அதைத்தான் வைத்துக்கொண்டோம். சுரைக்காயின் “முள்ளு குத்துதுடா, அப்பால போ!”வும் அப்படி வந்ததுதான். குடியாத்தத்துப் பிள்ளைகளில் வீட்டில் தெலுங்கு பேசுபவர்கள் இருப்பார்கள், வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் உருது. பூசணிகளில் ஒன்று அந்த மொழியில் கத்தட்டுமே. அந்தப் பிள்ளையின் குரல் அப்போதுதான் முழுதாகத் திறக்கும்.

இழுக்கும் சத்தத்தை உட்கார்ந்தபடி பதிவு செய்யாதீர்கள். பருத்திக் கயிற்றை ஜன்னல் கம்பியில் கட்டி, பிள்ளையை நிஜமாக இழுத்தபடி “ஐல…சா!” சொல்லச் சொல்லுங்கள். “சா”வில் மூச்சு முட்டும் பாருங்கள், அது நடிப்பில் வராது. ஒரு “ஐலசா” சரியாக ஒரு நொடி வர வேண்டும். கடிகார முள்ளைப் பார்த்துப் பழகட்டும்.

5. பொம்மை வெட்டுதல்

இப்போதுதான் கத்தரிக்கோல். கல்யாணப் பத்திரிகை அட்டை அளவான விறைப்பு கொண்டது. டிராயிங் ஷீட் சுருளும், தடித்த அட்டை நிழல் போடும். உயரம் 7 செ.மீ. போதும். ஒவ்வொரு காயையும் தனித்தனித் துண்டாக வெட்டுங்கள்: உடம்பு, இரண்டு கால், இரண்டு கை, மூடிய வாய், திறந்த வாய்.

துண்டுகளை ஒட்டாதீர்கள். ஊசியால் ஓட்டை போட்டு நூலைக் கோத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போடுங்கள். முடிச்சு இறுகினால் கால் அசையாது, தளர்ந்தால் தொங்கும். அசைத்த இடத்தில் அப்படியே நிற்க வேண்டும், அதுதான் சரியான பதம். கால் மூட்டு உடம்பின் அடி விளிம்பிலிருந்து அரை செ.மீ. மேலே இருக்கட்டும். விளிம்பிலேயே வைத்தால் சாயும்போது இடைவெளி தெரியும்.

கயிற்றுக்குப் பூ கட்டும் நூல் இரண்டு இழையை முறுக்கி மஞ்சள் தண்ணீரில் நனைத்துக் காய வையுங்கள். வரைந்த கயிறு வேண்டாம். நிஜ நூல்தான் தொய்வையும் விறைப்பையும் காட்டும். நடுக்குறிக்குச் சிவப்பு நூல்.

இங்கே ஒரு தவறு தவறாமல் வரும்: பிள்ளைகள் கயிற்றைக் கடைசிப் பொம்மையின் இடுப்பில் கட்டிவிடுவார்கள். அவிழ்க்கச் சொல்லுங்கள். விதிக்கு முரண் என்பது ஒன்று. நிஜத்தில் அப்படிக் கட்டிக்கொண்டால் கயிறு இழுத்துப் போகும்போது ஆளால் விடுவித்துக்கொள்ள முடியாது என்பது அதைவிடப் பெரிய காரணம். கார்ட்டூனில் பார்த்ததைப் பிள்ளைகள் மறுநாளே மைதானத்தில் செய்வார்கள். அக்குள் வழியாக, முதுகின் குறுக்கே, தோள்மேல் என்று சரியான பிடியைக் கத்திரிக்காய்க்குப் போட்டுக் காட்டுங்கள்.

6. ஸ்டூல், வெளிச்சம், பூட்டு

உப்புத்தாளைத் தரையில் ஒட்டுங்கள். அதுவே பாலாற்று மணல். நிறம் பொருந்துவதற்காக மட்டும் சொல்லவில்லை: சொரசொரப்பில் காகிதப் பொம்மை வழுக்காது. சாதாரணத் தாளில் ஒரு பிள்ளை மூச்சு விட்டாலே நான்கு பொம்மையும் நகரும்.

அதன்மேல் ஸ்டூலை வைத்து, செல்போனை ஸ்டூலின்மீது படுக்க வையுங்கள். கேமரா கண் ஓட்டை வழியே கீழே பார்க்கட்டும். ஸ்டூல் கால்கள் படத்தில் விழுந்தால் ஜூமை ஒன்றரை அல்லது இரண்டு மடங்குக்கு வையுங்கள். பிறகு ஸ்டூலின் நான்கு கால்களையும் செல்போனின் விளிம்பையும் செல்லோடேப்பால் ஒட்டிவிடுங்கள். இதை விட்டவர்கள் எல்லோரும் இரண்டாம் நாள் மொத்தக் காட்சியையும் மறுபடி எடுத்திருக்கிறார்கள்.

ஜன்னல் வெளிச்சத்தை நம்பாதீர்கள். மேகம் போனாலும் வெயில் ஏறினாலும் படத்தில் மினுக்கும். ஜன்னலை மூடி, இரண்டு பக்கமும் எல்இடி விளக்கு வையுங்கள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று, அதனால் ட்யூப் லைட் நொடிக்கு 100 முறை துடிக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரியும். ஆப்பில் ஷட்டரை மாற்ற முடிந்தால் 1/50 வையுங்கள். ஃபோகஸ், வெளிச்சம், நிறம் மூன்றையும் பூட்டுங்கள். பூட்டாவிட்டால் பிள்ளையின் கை உள்ளே வந்து போகும்போதெல்லாம் போன் தானாக வெளிச்சத்தை மாற்றும்.

போனை ஃபிளைட் மோடில் போடுங்கள். எங்களுக்கு ஒருமுறை நடுவில் அழைப்பு வந்து, எடுக்கப் போன கை ஸ்டூலையும் சேர்த்து நகர்த்திவிட்டது. படம் எடுக்கத் திரையைத் தொடாமல், இயர்போன் வயரில் உள்ள ஒலிப் பட்டனை அமுக்குங்கள். பல போன்களில் அதுவே படம் எடுக்கும்.

ஃபேன் ஓடாது என்பதால் காலை ஆறு முதல் ஏழரை வரைதான் படப்பிடிப்பு. அதற்கு மேல் பிள்ளைகளின் வியர்வை பொம்மைமேல் சொட்டும்.

7. இரண்டு நொடி ஒத்திகை

24 படம் மட்டும் எடுத்து ஓட்டிப் பாருங்கள். மினுக்குகிறதா, கை தெரிகிறதா, பொம்மை பறக்கிறதா? இதில் தப்பு இருந்தால் மேலே போகாதீர்கள். முழுக் காட்சிக்குப் பிறகு கண்டுபிடித்தால் பிள்ளைகள் சோர்ந்துபோவார்கள், மறுநாள் இரண்டு பேர் வரமாட்டார்கள்.

8. இழுப்பை எடுத்தல்

மொத்த வேலையின் உயிர் இங்கேதான், அவசரப்படாதீர்கள்.

ஒரு தாளில் 12 கட்டம் கொண்ட வரிசைகள் நான்கு போடுங்கள், இதுதான் கணக்குத் தாள். ஒரு வரிசை ஒரு பொம்மைக்கு, ஒரு கட்டம் ஒரு படத்துக்கு. “ஐல…”வுக்கு 9 கட்டம், “சா!”வுக்கு 3 கட்டம். ஒன்பது படத்தில் உடம்பு மெதுவாக நிமிரும், கால்கள் ஒவ்வொன்றாக அரை செ.மீ. பின்னால் போகும். மூன்றே படத்தில் உடம்பு பின்னால் சாயும். மெதுவான தயாரிப்புக்குப் பின் வேகமான இழுப்பு வந்தால்தான் கண்ணுக்கு எடை தெரியும். இரண்டையும் ஆறு ஆறாகப் பிரித்தால் பொம்மைகள் ஊஞ்சல் ஆடுவதுபோல இருக்கும்.

தோற்கும் முதல் இழுப்பில், ஒவ்வொரு பொம்மையின் “சா”வையும் முந்தைய பொம்மையைவிட மூன்று கட்டம் தள்ளிப் போடுங்கள். வெங்காயம் 1 முதல் 3, வெண்டை 4 முதல் 6, கத்திரி 7 முதல் 9, சுரை 10 முதல் 12. எந்தப் படத்தை நிறுத்திப் பார்த்தாலும் ஒருவர்தான் இழுத்துக்கொண்டிருப்பார், மற்ற மூவர் நிமிர்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு நடுவே நூலைச் சாமணத்தால் லேசாகத் தொய்ய விடுங்கள்.

ஜெயிக்கும் இழுப்பில் நான்கு வரிசையிலும் “சா” ஒரே கட்டங்களில், 10 முதல் 12 வரை. நான்கு உடம்பும் ஒரே கோணத்தில். நூல் நேர்க்கோடு. சிவப்பு நூல் ஒவ்வொரு “சா”வுக்கும் 1 செ.மீ. நம் பக்கம் வரும். காட்சி எல்லாம் அதேதான், அதே பொம்மை, அதே மணல். கணக்குத் தாள் மட்டும் மாறியிருக்கிறது. வசனமே இல்லாமல் ஏன் ஜெயித்தார்கள் என்று தெரிவது இதனால்தான்.

கணக்குத் தாள் வைத்திருக்கும் பிள்ளை ஒவ்வொரு படத்துக்கும் சத்தமாகப் படிக்கும்: “அஞ்சு. வெண்டை சாயணும், மத்தவங்க நிமிரணும்.” நகர்த்தியதும் “கை எடு!” நான்கு பேரும் கையைக் காட்டிய பிறகே பட்டன். இந்தக் குரல் இல்லையென்றால் பத்துப் படத்துக்கு ஒரு விரல் விழும்.

அடிக்கடி வரும் தவறு, பொம்மையை முழுசாகப் பிடித்து நகர்த்துவது. ஒரு விரலால் பாதத்தை அழுத்திக்கொண்டு உடம்பை மட்டும் சாய்க்க வேண்டும். பாதம் வழுக்கினால் பார்ப்பவருக்கு இழுப்பதாகத் தெரியாது, இழுபடுவதாகத் தெரியும். தோற்கும்போது அதையே வேண்டுமென்று செய்யுங்கள். உப்புத்தாளின்மேல் கொஞ்சம் நிஜ மணல் தூவி, பாதம் போன வழியில் ஒரு கோடு கிழியட்டும்.

மூன்றாவது இழுப்பில் ஜெயிக்கட்டும். தோல்வியில் முடித்தால் ஆழமாக இருக்கும் என்று சில பெரியவர்கள் சொல்வார்கள். எட்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகள் அதை ஏற்பதில்லை என்பது என் அனுபவம். ஆனால் நடுக்குறி ஒரு முறையாவது எதிர்ப் பக்கம் போய் வரட்டும்.

ஒவ்வொரு நாளும் முடிந்ததும் படங்களைக் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்துவிடுங்கள்.

9. ஒலி சேர்த்தல்

குரலை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் சுத்தம் செய்யலாம், இலவசம்தான். கயிறு முறுக்கும் சத்தத்துக்கு ஈரத் துணியைப் பிழியுங்கள். மணலில் கால் ஊன்றும் சத்தத்துக்கு ஒரு துணிப்பையில் அரிசி போட்டு அமுக்குங்கள். விசில் மட்டும் நிஜ விசில்.

சினிமாப் பாட்டைப் பின்னணியில் போடாதீர்கள். உரிமைச் சிக்கல் வரும், போதாததற்கு “ஐலசா”வின் தாளத்தையும் அது விழுங்கிவிடும். ஒரு பிள்ளை தகர டப்பாவைத் தட்டினால் போதும்.

10. போட்டுக் காட்டுதல்

முடிவில் பெயர் போடும்போது முழுப்பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம், வீட்டில் கூப்பிடும் பெயர் போதும். இணையத்தில் ஏற்றுவதாக இருந்தால் ஆறு வீட்டிலும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒரு வீட்டில் வேண்டாம் என்றாலும் ஏற்றாதீர்கள். அந்தப் பிள்ளையின் குரலை மட்டும் எடுத்துவிட்டு ஏற்றும் யோசனையும் வேண்டாம்.

முதல் காட்சியைத் தெருவில் வையுங்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு, காம்பவுண்டு சுவரில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டி, கடன் வாங்கிய புரொஜெக்டரில். நீங்கள் திரையைப் பார்க்காதீர்கள். வேட்டிக்குப் பக்கத்தில் நின்று, முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் சின்னப் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். எந்த நொடியில் தலை திரும்புகிறது என்று நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது சண்டைக் காட்சியின் நடுவில் வந்தது. மறுநாள் அதில் ஒன்பது நொடியை வெட்டினோம்.